எடைப்பயிற்சியும் அமினோ அமிலப் பொடிகளும்: வாங்குவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

எடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கென விற்கப்படும் அமினோ அமிலப் பொடிகளில் பெரும்பாலானவை, நாள்தோறும் போதிய புரதம் உண்கிறவருக்குப் பார்பெல்லில் ஒரு கிலோ கூட ஏற்றித் தருவதில்லை. ஆனால் அதே பொடிகளில் சில, குறிப்பிட்ட நிலையில் உள்ள ஒருவருக்கு, சரியான அளவில் எடுத்துக்கொண்டால் அளந்து பார்க்கக்கூடிய பயனைத் தருகின்றன. ஆகவே எந்த டப்பாவை வாங்குவது என்ற கேள்வியை இந்த வழிகாட்டி கடைசிக்குத் தள்ளி வைக்கிறது. உங்கள் வலிமையும் உணவும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதை முதலில் கணக்கிட்டு, அந்தக் கணக்கில் குறை இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போகும் வகையில் இது எழுதப்பட்டிருக்கிறது. படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றினால் பலருக்கு இரண்டாம் படியோடு வேலை முடிந்துவிடும்.

அடிப்படையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் உடலின் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9 அமிலங்களை உடலால் தேவையான அளவில் உருவாக்கிக்கொள்ள முடியாது. அவை உணவிலிருந்தே வர வேண்டும். ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெதியோனின், ஃபீனைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபன், வாலின் என்பவை அந்த ஒன்பது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் 1935-இல் திரியோனினைக் கண்டறிந்த பிறகுதான் இந்தப் பட்டியல் ஏறக்குறைய முழுமை பெற்றது. பின்னர் அவர் தம் மாணவர்களுக்கே தூய அமினோ அமிலங்கள் கலந்த உணவைக் கொடுத்து, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, மனிதருக்கு எவை இன்றியமையாதவை என்று முடிவு செய்தார். இந்த ஒன்பதில் லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய மூன்றையும் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் என்பார்கள். ஜிம்மில் பிசிஏஏ என்று அழைக்கப்படுவது இதுதான். ஒன்பதும் சேர்ந்த கலவைக்கு இஏஏ என்று பெயர்.

முதல் படி: வலிமையை எழுத்தில் கொண்டுவருதல்

எந்தத் துணையுணவையும் தொடங்கும் முன் குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பயிற்சிக் குறிப்பேடு எழுதுங்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் போன்ற இரண்டு மூன்று அடிப்படைப் பயிற்சிகளைத் தேர்ந்துகொண்டு, எடை, செட் (இடையில் ஓய்வின்றிச் செய்யும் ஒரு சுற்று), ஒவ்வொரு செட்டிலும் முடிந்த ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்), செட்டுகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரம், முந்தைய இரவின் உறக்கம், காலையில் உடல் எடை ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். ஓய்வு நேரத்தைக் குறித்துக்கொள்வது மிக முக்கியம். இரண்டு நிமிட ஓய்வு மூன்று நிமிடமானால் அதுவே ஒன்றிரண்டு ரெப்பைக் கூட்டிவிடும், பாராட்டு மட்டும் பொடிக்குப் போய்ச் சேரும்.

பயிற்சி தொடங்கிச் சில மாதங்களே ஆனவர் இன்னும் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். புதியவரின் வலிமை, தசை வளர்வதற்கு முன்பே, நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வாரந்தோறும் கூடும். அந்தக் காலத்தில் எதைக் குடித்தாலும் அது வேலை செய்வது போலவே தோன்றும்.

இரண்டாம் படி: புரதக் கணக்கு

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். இதில் அவசரப்பட வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 54 கிராம் ஆகும். ஆனால் அது பொதுவாக உடல்நலத்தோடு வாழ்வதற்கான அளவு. எடைப்பயிற்சியால் தசையும் வலிமையும் கூட்ட விரும்புகிறவருக்குத் தேவை இதைவிட அதிகம். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடத் தசை வளர்ச்சி கூடுவதையும், அதற்கு மேல் கூடுதல் பயன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் காட்டியது. ஆட்களுக்குள் உள்ள வேறுபாட்டைக் கருதி 2.2 கிராம் வரை போகலாம் என்றும் அதே ஆய்வாளர்கள் கருதினார்கள். பன்னாட்டு விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் சொல்லும் வரம்பு 1.4 முதல் 2.0 கிராம்.

70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் அவருக்கு இலக்கு 112 கிராம். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும், மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் டீயும், இரவில் மூன்று சப்பாத்தியும் பருப்பும் என்று சாப்பிடுகிறவர் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 55 கிராமை ஒட்டித்தான் வரும். வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் இலக்கில் பாதிதான் எட்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் பிசிஏஏ டப்பா வாங்குகிறார்கள். ஒரு ஸ்கூப்பில், அதாவது டப்பாவோடு வரும் ஓர் அளவுக் கரண்டியில், 5 முதல் 7 கிராம் அமினோ அமிலம் இருக்கும். 57 கிராம் பள்ளத்தில் அதைக் கொட்டிப் பயனில்லை.

அதே பள்ளத்தை உணவால் எப்படி நிரப்பலாம் என்று பாருங்கள். 50 கிராம் உலர்ந்த சோயா துண்டுகளில் ஏறத்தாழ 26 கிராம் புரதம் உள்ளது. அரை லிட்டர் பாலில் 16 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம். மூன்றும் சேர்ந்தால் 54 கிராம் வந்துவிடுகிறது. அசைவம் உண்கிறவர் 150 கிராம் கோழி நெஞ்சுக்கறியிலேயே, பச்சையாக எடை போட்டால், 33 கிராமுக்கு மேல் பெறலாம். நேரமோ செரிமானமோ இடம் கொடுக்காவிட்டால் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் 20 முதல் 25 கிராம் தரும். வே புரதத்தில் ஒன்பது அமிலங்களும் உள்ளன. லூசின் மட்டும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

தாவர உணவை மட்டும் உண்கிறவர் அளவோடு தரத்தையும் பார்க்க வேண்டும். அரிசி, கோதுமை ஆகியவற்றில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் மெதியோனின் குறைவு. சோறும் பருப்பும் சேர்ந்து ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகின்றன. ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்றில்லை, அன்றைய நாளுக்குள் சேர்ந்தால் போதும். உண்மையான சிக்கல் விகிதத்தில் இருக்கிறது: நம் தட்டில் சோறு மலை போலவும் பருப்பு அதன் மேல் ஊற்றிய நீர் போலவும் இருப்பதை மாற்றாமல் எந்தப் பொடியும் உதவாது.

மூன்றாம் படி: வேளைகளாகப் பிரித்தல்

ஒரு நாளின் புரதத்தை மூன்று நான்கு வேளைகளாக, ஒவ்வொன்றிலும் கிலோவுக்குக் குறைந்தது 0.25 கிராம், பொதுவாகச் சொன்னால் பெரும்பாலோருக்கு 20 முதல் 40 கிராம் வரும்படி பிரித்துக்கொள்ளுங்கள். தசைப் புரத உற்பத்தியை முடுக்கிவிடும் சமிக்ஞையை லூசின்தான் தருகிறது. ஒரு வேளையில் 2 முதல் 3 கிராம் லூசின் இருப்பது அதற்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது. வயதானவர்களின் தசை இந்தச் சமிக்ஞைக்கு மந்தமாகவே பதில் தருவதால் அவர்களுக்கு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் வரை தேவைப்படும்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்ற பயத்தை விட்டுவிடலாம். கடும் எடைப்பயிற்சிக்குப் பிறகு தசைப் புரத உற்பத்தி 24 மணி நேரத்துக்கும் மேலாக உயர்ந்தே இருக்கும் என்பது 1990-களிலிருந்தே தெரிந்த செய்தி. பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு நன்றாகச் சாப்பிட்டவரின் இரத்தத்தில், அவர் கடைசி செட்டை முடிக்கும்போதும் அமினோ அமிலங்கள் போதுமான அளவில் இருக்கும்.

நான்காம் படி: பிசிஏஏ, இஏஏ தேவையா என்று முடிவு செய்தல்

மேலே சொன்ன மூன்று படிகளும் சரியாக இருந்தால் பிசிஏஏ வாங்க வேண்டியதில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய தசைப் புரதம் உருவாக ஒன்பது இன்றியமையாத அமிலங்களும் தேவை. மூன்றை மட்டும் குடித்தால் உற்பத்திக்கான சமிக்ஞை கிடைக்கும். ஆனால் மீதி ஆறும் எங்கிருந்தாவது வர வேண்டும். வெறும் வயிற்றில் இருப்பவருக்கு அவை ஏற்கெனவே உள்ள தசைப் புரதம் உடைவதிலிருந்துதான் வரும். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2017-ஆம் ஆண்டு ஆய்வில், எடைப்பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் பிசிஏஏ குடித்தவர்களின் தசைப் புரத உற்பத்தி, போலிப் பானம் குடித்தவர்களைவிட 22 விழுக்காடு உயர்ந்தது. விளம்பரங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. அதே அளவு பிசிஏஏ அடங்கிய வே புரதத்தைக் கொடுத்த முந்தைய ஆய்வுகளில் கிடைத்த உயர்வோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பாதிதான் என்பதையும் ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியிருந்தார்கள்.

பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலியை பிசிஏஏ ஓரளவு குறைக்கிறது என்று சில சோதனைகள் சொல்கின்றன. ஆனால் வலி குறைவதும் வலிமை கூடுவதும் வேறு வேறு. தூக்கும் எடையில் அந்தச் சோதனைகள் தெளிவான முன்னேற்றம் எதையும் காட்டவில்லை. லூசின், ஐசோலூசின், வாலின் ஆகியவற்றின் 2:1:1 என்ற வழக்கமான விகிதத்தை 8:1:1 என்று மாற்றி அதிக விலைக்கு விற்பதற்கும் தகுந்த ஆதாரம் இல்லை.

இஏஏ சற்று மேலானது. ஒன்பதும் அதில் உண்டு, விரைவாக உறிஞ்சப்படும், கலோரி குறைவு. ஏறத்தாழ 10 கிராம் இஏஏ, 20 கிராம் வே புரதத்தில் உள்ள இன்றியமையாத அமிலங்களுக்கு ஈடாகும். விடியற்காலையில் எதுவும் சாப்பிடாமல் பயிற்சிக்குப் போகிறவர், பசி குன்றிய முதியவர், போட்டிக்காக எடையைக் கடுமையாகக் குறைக்கிறவர், பால் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோருக்கு 6 முதல் 10 கிராம் அளவில் இது பொருந்தலாம். கசப்பு மட்டும் பொறுக்க முடியாததாக இருக்கும். எலுமிச்சையும் உப்பும் ஓரளவு மறைக்கும்.

குளுட்டமின் என்ற அமினோ அமிலம் பற்றி ஒரே வரி போதும்: நலமாக உள்ளவருக்கு எடைப்பயிற்சியில் வலிமையையோ தசையையோ அது கூட்டியதாகக் கட்டுப்பாடான சோதனைகள் காட்டவில்லை.

ஐந்தாம் படி: உண்மையிலேயே பளுவைக் கூட்டுபவை

எடைப்பயிற்சியில் செயல்திறனைக் கூட்டும் என்று மிக வலுவான ஆதாரம் உள்ள துணையுணவு கிரியேட்டின்தான். அது புரதத்தில் சேரும் அமினோ அமிலம் அன்று; ஆனால் ஆர்ஜினின், கிளைசின், மெதியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களிலிருந்து உடலே அதை உருவாக்கிக்கொள்கிறது. தசையில் அது பாஸ்போகிரியேட்டினாகச் சேமிக்கப்பட்டு, சில நொடிகள் நீடிக்கும் கடும் முயற்சியில் ஆற்றலை மீட்டுத் தருகிறது; ஐந்து ரெப் ஸ்குவாட் செட்டுக்குத் தேவையானது அதுவே. இறைச்சியிலும் மீனிலும் கிரியேட்டின் இருப்பதால், சைவ உணவு உண்கிறவர்களின் தசையில் இருப்பு குறைவாகவும், துணையுணவால் கிடைக்கும் உயர்வு அதிகமாகவும் இருக்கும்.

மோனோஹைட்ரேட் வடிவத்தையே வாங்குங்கள். விலை கூடிய மற்ற வடிவங்கள் அதைவிட மேலானவை என்று காட்டப்படவில்லை. நாள்தோறும் 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும், பயிற்சி இல்லாத நாளிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் தசையின் இருப்பு நிறைய மூன்று நான்கு வாரங்கள் ஆகும். விரைவு வேண்டுமானால் முதல் 5 முதல் 7 நாள் வரை ஒரு நாளைக்கு 20 கிராமை நான்காகப் பிரித்து எடுக்கலாம். சிலருக்கு அப்போது வயிறு கலங்கும். உடல் எடை ஒன்று இரண்டு கிலோ கூடும், அது பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர். எடைப் பிரிவில் போட்டியிடுகிறவர் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம் வேறு வகையில் வேலை செய்கிறது. ஹிஸ்டிடினோடு சேர்ந்து தசையில் கார்னோசினாக மாறி, நீண்ட முயற்சியில் சேரும் அமிலத்தன்மையைத் தாங்க உதவுகிறது. ஒன்று முதல் நான்கு நிமிடம் நீடிக்கும் முயற்சிகளுக்கே இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. மூன்று ரெப் செட்டில் பதினைந்து நொடிகளில் வேலையை முடிக்கிறவருக்கு இது ஏறக்குறைய வீண். ஒரு நிமிடத்தைத் தாண்டும் செட்டுகளும் குறைந்த ஓய்வும் கொண்ட பயிற்சிக்குச் சிறிது உதவலாம். நாளொன்றுக்கு 4 முதல் 6 கிராம் வரை, குறைந்தது நான்கு வாரம் எடுக்க வேண்டும். குடித்ததும் முகமும் கைகளும் ஊசி குத்துவது போல் கூசும். அது தீங்கற்றது, அளவைச் சிறிது சிறிதாகப் பிரித்தால் குறைந்துவிடும். அந்தக் கூச்சத்தைப் பொடி வேலை செய்வதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை.

சிட்ருலின் என்ற அமினோ அமிலமும் மாலிக் அமிலமும் சேர்ந்த சிட்ருலின் மாலேட்டை நான் இந்த வரிசையின் கடைசியில் வைப்பேன். ஆர்ஜினினைக் குடித்தால் அதில் பெரும்பங்கு குடலிலும் கல்லீரலிலுமே செலவாகிவிடும். சிட்ருலின் அந்தத் தடையைத் தாண்டி, சிறுநீரகத்தில் ஆர்ஜினினாக மாறி, இரத்த ஓட்டத்துக்கு உதவும் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கத் துணைபுரிகிறது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு 8 கிராம் எடுத்த சோதனைகள் சிலவற்றில் ரெப் எண்ணிக்கை கூடியது, சிலவற்றில் எதுவும் நிகழவில்லை. பயன் இருந்தாலும் அது சிறியதே. 2:1 விகிதப் பொடியில் அந்த 8 கிராமில் சிட்ருலின் ஐந்து கிராமைச் சற்றே தாண்டும், மீதி மாலிக் அமிலம்.

ஆறாம் படி: லேபிளைப் படித்தல்

ஆய்வகங்களில் புரதத்தை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். இதனால் மலிவான கிளைசின் அல்லது டாரினைக் கலந்து புரத எண்ணை உயர்த்திக் காட்ட முடிகிறது. 10 கிராம் கிளைசின் இந்த முறையில் ஏறத்தாழ 11.7 கிராம் புரதமாகத் தோன்றும். ஆகவே புரதப் பொடியின் சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின், குளுட்டமின் ஆகியவை தனியாக எழுதப்பட்டிருந்தால் அந்த டப்பாவை வைத்துவிடுங்கள். ஒவ்வொரு அமிலத்தின் அளவையும் கொடுக்காமல், மேட்ரிக்ஸ், பிளெண்ட் என்ற பெயரில் மொத்த எடையை மட்டும் கொடுக்கும் பொருளையும் தவிர்ப்பதே நல்லது. "அமினோ எனர்ஜி" வகைப் பொடிகளில் காஃபின் இருக்கிறதா என்று பாருங்கள். குடித்ததும் வரும் சுறுசுறுப்பு பெரும்பாலும் அதனுடையது.

இந்தியாவில் வாங்குகிறவர் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணையும், வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதியாளரின் முகவரியையும் சரிபார்க்க வேண்டும். அது மட்டும் போதாது என்பதற்கு 2024-இல் வெளியான ஓர் ஆய்வு சான்று: இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரதத் துணையுணவுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டில் லேபிளில் உள்ள புரத அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. தயாரிப்புத் தூய்மையின் முக்கியத்துவத்துக்கு இன்னும் கசப்பான வரலாறு உண்டு. 1989-இல் அமெரிக்காவில் எல்-டிரிப்டோஃபன் மாத்திரை எடுத்தவர்களில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குக் கடும் தசைவலியோடு கூடிய ஒரு நோய் தாக்கியது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை, ஒரே தயாரிப்பாளரின் பொருளில் இருந்த மாசை நோக்கி நீண்டது.

போட்டிகளில் பங்கேற்கிறவருக்கு இது இன்னும் கடுமையான விஷயம். அமினோ அமிலங்களும் கிரியேட்டினும் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் பொடியில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால் பொறுப்பு விளையாட்டு வீரரையே சேரும். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் போன்ற அமைப்புகளின் சான்று பெற்ற பொருளையே அவர்கள் வாங்க வேண்டும்.

ஏழாம் படி: தன்மேல் தானே சோதனை

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் தொடங்குங்கள். பயிற்சித் திட்டத்தையும் உணவையும் அதே வாரத்தில் மாற்றாதீர்கள். நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஏரியல், சேவில் என்ற இரு ஆய்வாளர்கள் 1972-இல் வெளியிட்ட சோதனையைக் காட்டலாம்: ஸ்டீராய்டு என்று சொல்லி வெறும் போலி மாத்திரை கொடுக்கப்பட்ட எடைப்பயிற்சி செய்தவர்கள், அதற்கு முந்தைய காலத்தைவிட வேகமாக வலிமை கூட்டினார்கள்.

சிட்ருலின் போல உடனே பயன் தர வேண்டிய பொருளை ஒரு நண்பரின் உதவியோடு சோதிக்கலாம். அவர் சில நாள் பொடியும் எலுமிச்சைச் சாறும் கலந்து, சில நாள் எலுமிச்சைச் சாறு மட்டும் கலந்து, எந்த நாளில் எது என்று சொல்லாமல் ஷேக்கரை உங்களிடம் தர வேண்டும். மாலிக் அமிலம் புளிப்பானது என்பதால் எலுமிச்சை அதை நன்றாக மறைக்கும். சில வாரங்கள் கழித்து அவருடைய பட்டியலையும் உங்கள் குறிப்பேட்டையும் சேர்த்துப் பாருங்கள். ரெப் எண்ணிக்கையில் வேறுபாடு தெரியாவிட்டால் அடுத்த டப்பா வேண்டாம். கிரியேட்டினுக்கு இந்த முறை பொருந்தாது, ஏனெனில் நிறுத்திய பின்பும் தசையின் இருப்பு குறையச் சில வாரங்கள் ஆகும். கிரியேட்டினைத் தொடங்கும் முன் உள்ள நான்கு வாரத்தையும் தொடங்கிய பின் உள்ள எட்டு வாரத்தையும் ஒப்பிடுவதே வழி.

எட்டாம் படி: யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்

சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், 18 வயது நிரம்பாதவர்களும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது. பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா, அதாவது ஃபீனைல்அலனினை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத குறைபாடு, உள்ளவருக்கு ஃபீனைல்அலனின் சேர்ந்த இஏஏ தீங்கு செய்யும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவருக்கு, அமினோ அமிலங்கள் அந்த மருந்தின் உறிஞ்சலோடு போட்டியிடுவதால், மருந்தின் வேலை குறையும்.

கிரியேட்டின் எடுக்கிற நலமான ஒருவரின் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (creatinine) என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று உயர்ந்து காணப்படலாம். கிரியேட்டின் சிதைந்தே கிரியேட்டினின் உருவாவதால், சிறுநீரகம் சரியாக இருந்தாலும் இந்த உயர்வு ஏற்படும். இரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டால், தேவைப்படும்போது அவர் சிஸ்டாட்டின்-சி என்ற வேறு பரிசோதனையை எழுதித் தருவார்.